நாலாம் வரிசைக்குத் தண்ணி இல்லை

அகஸ்ரினா: கழுதைதான் எண்டு சத்தியம் பண்ணுவியளோ?

வலன்ரைன்: சத்தியம் ஏன் இப்ப? கழுதை வந்தது. வேலிக்குள்ளால தலையை விட்டது. அவ்வளவுதான் நான் சொல்லுறன்.

அகஸ்ரினா: தலையை விட்டது சரி. விட்ட கழுதை நாலாம் வரிசை ஆவாரைக்கு மேல மட்டும் மூத்திரம் பெய்ஞ்சதோ? தலையாலையோ பெய்ஞ்சது?

வலன்ரைன்: உன்னோட மனுசன் கதைக்கேலாது.

அகஸ்ரினா: மற்ற மூண்டு வரிசையும் மஞ்சள் மஞ்சளாப் பூத்து நிக்குது. நாலாவதில ஆறு செடி. அதில நாலு செடியின்ர இலை கருகிக் கொட்டுண்டு போச்சு. மன்னார்க் கழுதையள் எப்ப தொடக்கம் வரிசை பாக்கப் படிச்சது?

வலன்ரைன்: மெதுவாக் கதை. பக்கத்து வளவில மில்ரன் நிக்கிறான்.

அகஸ்ரினா: மில்ரன் கடல் தொழிலுக்குப் போயிட்டான். பள்ளிமுனையில இந்நேரம் வீட்டில இருக்கிற ஆம்பிளை நீங்கள் ஒராள்தான்.

வலன்ரைன்: ...குத்திக் காட்டு. நல்லாக் குத்து.

அகஸ்ரினா: குத்தேல்லை. இருக்கிறதைச் சொன்னனான். இந்தாங்கோ, தேத்தண்ணி.

வலன்ரைன்: இதென்ன மஞ்சளாக் கிடக்கு?

அகஸ்ரினா: ஆவாரம்பூ. உங்கட சீனி வருத்தத்துக்கு நல்லது. பூவை எண்ணி எழுதினாப் பிறகு பிடுங்கலாம் எண்டு பிள்ளை சொன்னவள்.

வலன்ரைன்: தேயிலை முடிஞ்சுபோச்சு எண்டு சொல்லு. நான் கோவிக்கமாட்டன்.

அகஸ்ரினா: குடிச்சுப்போட்டு உண்மையைச் சொல்லுங்கோ. பிள்ளை அஞ்சு மணி பஸ்சில வந்து இறங்கப்போறாள். நாளைக்கு விடிய அவளுக்குப் படிப்பிக்கிற சேர் கம்பசில இருந்து வாறார் செடி பாக்க. அவருக்குக் கழுதைக் கதை சொல்லேலாது. படிச்ச மனுசன்.

வலன்ரைன்: படிச்ச ஆக்களுக்குக் கழுதை தெரியாதோ?

அகஸ்ரினா: இஞ்சேருங்கோ... பொறுங்கோ, சோளகக் காத்துக்கு உடுப்புக்கொடி சரியுது. பெட்சீற் மண்ணில படப்போகுது. முண்டுத்தடியை நிமித்திப்போட்டு வாறன்.

வலன்ரைன்: போ. நான் எங்க ஓடப்போறன்?

அகஸ்ரினா: ...சரி, வந்திட்டன். இப்ப சொல்லுங்கோ.

வலன்ரைன்: அகஸ்ரி... நான் ஒண்டு சொன்னா நீ கத்திக் குளறக்கூடாது.

அகஸ்ரினா: சொல்லுங்கோ.

வலன்ரைன்: குளறினா நிப்பாட்டிப்போடுவன்.

அகஸ்ரினா: இன்னும் வாயே திறக்கேல்லையே நான்.

வலன்ரைன்: அந்த வரிசைக்கு நான் தண்ணி விட்டனான்.

அகஸ்ரினா: எப்ப?

வலன்ரைன்: ஞாயிற்றுக்கிழமை.

அகஸ்ரினா: ஒருக்காத்தானோ?

வலன்ரைன்: ஒருக்காத்தான்... அதுக்கு முன்னம் சனிக்கிழமை.

அகஸ்ரினா: அப்ப ரெண்டுதரம்.

வலன்ரைன்: வெள்ளியும்.

அகஸ்ரினா: இப்பிடி ஒவ்வொரு நாளாப் பின்னுக்குப் போனா எங்க போய் நிக்கும்?

வலன்ரைன்: ...மாசியில.

அகஸ்ரினா: மாதாவே! மாசியில இருந்தோ? இது ஆனி மாசம்!

வலன்ரைன்: குளறாதை எண்டனெல்லே!

அகஸ்ரினா: பிள்ளை என்ன சொல்லிப்போட்டுப் போனவள்? உங்கட கட்டிலுக்கு முன்னால நிண்டு விரலை மடிச்சு மடிச்சுச் சொன்னவள். முதலாம் வரிசைக்கு ஒவ்வொரு நாளும் தண்ணி. ரெண்டாவதுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள். மூண்டாவதுக்குக் கிழமைக்கு ஒருக்கா. நாலாவதுக்குத் தண்ணியே இல்லை, துளியும் இல்லை. எது தப்புது எது சாகுது எண்டு பாக்கிறதுதான் என்ர ஆய்வு எண்டு...

வலன்ரைன்: கேட்டனான். எனக்குக் காது செவிடில்லை.

அகஸ்ரினா: பேந்து ஏன் விட்டனீங்கள்?

வலன்ரைன்: ஏன் விட்டனானோ? இந்த வளவில எத்தினை இடம் கிடக்கு! அவ்வளவத்தையும் விட்டுப்போட்டு என்ர சன்னலுக்கு நேர கொண்டுவந்து நட்டவள். கண்ணை முழிச்சா அந்த வரிசை. மத்தியானத்து வெயிலுக்கு இலையெல்லாம் தொங்கிப்போய் நிக்கும். நாலு நாள் பாத்துக்கொண்டு கிடந்தன். அஞ்சாம் நாள் ஏலேல்லை.

அகஸ்ரினா: செடிதானேயப்பா...

வலன்ரைன்: உனக்குச் செடி. சிங்கராசாவும் நானும் எஞ்சின் நிண்டுபோய் ஆறு நாள் கடலில கிடந்தமே... அதில கடைசி ரெண்டு நாள் குடிக்கத் தண்ணி இல்லை. நாக்கு வாய்க்குள்ள பழஞ்செருப்பு மாதிரிக் கிடந்தது. சிங்கராசாவெண்டாலும் அழுதவன். எனக்கு அழவும் ஈரம் இல்லை. தண்ணிக்குத் தவிக்கிற ஒண்டை நான் படுத்துக்கொண்டு பாக்கேலாது அகஸ்ரி. ஆளெண்டாலும் சரி, ஆவாரையெண்டாலும் சரி.

அகஸ்ரினா: ...தேத்தண்ணி ஆறுது. குடியுங்கோ.

வலன்ரைன்: நீ பின்னேரம் செபமாலைக்குப் போவாய்தானே. நீ கேற்றைச் சாத்தினவுடனை எழும்புவன். முதல் நாள் கட்டிலால இறங்கவே அரை மணித்தியாலம். பொல்லை ஊண்டி, சுவரைப் பிடிச்சு, கதவைப் பிடிச்சு... பின்வாசல் படியில குந்தியிருந்து அழுதனான். உனக்குத் தெரியாது.

அகஸ்ரினா: எனக்கென்னெண்டு தெரியும்? நான் கோயிலிலையெல்லே.

வலன்ரைன்: ஒரு கையில பொல்லு. மற்றக் கையில ஒரு தகரப் பேணிதான் தூக்க ஏலும். ஆறு செடிக்கும் ஒரு பேணித் தண்ணி! எனக்கே வெக்கமாக் கிடந்தது. அடுத்த நாள் ரெண்டுதரம் போனன். பேந்து மூண்டுதரம். பேந்து அரை வாளி. இப்ப வாளியே தூக்கிறனான்.

அகஸ்ரினா: வாளியோ! இடுப்பில தகடு வைச்ச மனுசன் என்னெண்டு நடக்கிறது எண்டு ஆசுபத்திரியில டொக்டரோட சண்டை பிடிச்சது ஆர்? எந்தெந்தப் பயிற்சி செய்யவேணும் எண்டு தாளில எழுதித் தந்தவை. அந்தத் தாளை...

வலன்ரைன்: தாளை விடு இப்ப.

அகஸ்ரினா: அந்தத் தாளில கடைசியா நான் கருவாடு சுத்திக் குடுத்தனான்! எனக்கு முன்னால கட்டிலால கதிரைக்கு வர சுவரைப் பிடிக்கிறியள், முனகிறியள்...

வலன்ரைன்: முனகாட்டி நீ சந்தேகப்படுவாய்.

அகஸ்ரினா: நல்ல நடிகன்.

வலன்ரைன்: இன்னும் முடியேல்லை, கேள். பின்வாசலில நீ மீன் கழுவின தண்ணி வைப்பாய்தானே, பச்சை வாளியில. அதைத்தான் விடுறனான். எங்கட முருங்கை அதில எழும்பினது. தென்னையும் அதிலதான் காய்ச்சது. ஊரில எல்லாரும் அதைத்தானே விடுறவை. ஆவாரைக்கு மட்டும் பிடிக்காமல் போகுமோ எண்டு விட்டனான். ஒரு முழம் கூட வளந்தது! ஆனா ஞாயிற்றுக்கிழமை பச்சை வாளியைக் காணேல்லை. நீல வாளிதான் கிடந்தது. அதில...

அகஸ்ரினா: நீல வாளியோ! ஐயோ, அது கருவாட்டுத் தண்ணி! பாரை மீன் வெட்டி ரெண்டு நாள் உப்பில ஊறப்போட்டு வடிச்ச தண்ணி! நான் பச்சை வாளியெல்லே உங்களுக்கு வைக்கிறனான்!

வலன்ரைன்: எனக்கோ?

அகஸ்ரினா: ...முருங்கைக்கு. முருங்கைக்கு எண்டு சொல்ல வந்தனான்.

வலன்ரைன்: உங்களுக்கு எண்டனி.

அகஸ்ரினா: பதட்டத்தில வாய் தடுமாறாதோ? உங்களுக்கு உப்புத் தண்ணி மணக்கேல்லையோ?

வலன்ரைன்: தடிமன், மூக்கடைப்பு. அதோட மீன் வீட்டில எந்த வாளி மணக்காது சொல்லு பாப்பம்?

அகஸ்ரினா: ஞாயிற்றுக்கிழமை சிங்கராசா அண்ணையின்ர பேத்திக்குக் கோயிலில முதல் நன்மைச் சடங்கு. அந்த அவசரத்தில மீன் கழுவேல்லை நான். பச்சை வாளியைக் கழுவிக் கவிட்டிட்டன்... சே.

வலன்ரைன்: நீ ஏன் சே சொல்லுறாய்? ஊத்தினது நான். இப்ப டினேஷின்ர ஓட்டோவைக் கூப்பிடு.

அகஸ்ரினா: எங்க போக?

வலன்ரைன்: கொண்டச்சிப் பக்கம் றோட்டுக்கரையெல்லாம் ஆவாரை நிக்குது. அதே உயரத்தில நாலைக் கிண்டிக்கொண்டு வந்து வைப்பம்.

அகஸ்ரினா: ஆவாரையைக் கிண்டி வைச்சா நிக்குமோ? ஆணிவேர் கிணறு வெட்டின மாதிரி நேர கீழ போயிருக்கும். வேர் அசையக்கூடாது எண்டுதானே பிள்ளை விதையைச் சுரண்டி ஊறப்போட்டு, பையில முளைக்க வைச்சு, பையைக் கத்தியால கீறிக் கீறி மண்ணோட இறக்கினவள். கிண்டினா விடியமுன்னம் தொங்கிப்போம்.

வலன்ரைன்: தொங்கட்டும். நாளைக்குப் பத்து மணி மட்டும் நிண்டாப் போதும். சேர் பாத்துப்போட்டுப் போயிடுவார்.

அகஸ்ரினா: வெக்கமில்லையோ உங்களுக்கு?

வலன்ரைன்: வெக்கம் இல்லாமலோ இவ்வளவத்தையும் உன்னட்டக் கொட்டினனான்? அகஸ்ரி... நாலு செடி செத்தா வேற நாலு முளைக்க வைக்கலாம். என்னை அரிக்கிறது அதில்லை. போன மாதம் அவள் போனில என்ன சொன்னவள் தெரியுமோ? “அப்பா, அதிசயம்! நாலாம் வரிசை தண்ணியே இல்லாமல் பூத்துப்போச்சு. சேர் நம்பமாட்டார்” எண்டு. நான் “ஓமோ, அப்பிடியோ” எண்டு கேட்டுக்கொண்டு கிடந்தன்.

அகஸ்ரினா: ம்...

வலன்ரைன்: மணல் பறக்கிற கரையெல்லாம் ஆவாரை நடப்போகினமாம், அவள் எழுதுறதை வைச்சு. தண்ணி விடத் தேவையில்லை எண்டு அவள் எழுதினா அவ்வளவும் சாகும். பிறகு ஆரின்ர பேர் கெடும்? நாலு வருசப் படிப்பு... என்ர வாளித் தண்ணியில போகப்போகுது.

அகஸ்ரினா: அப்ப அவளிட்டச் சொல்லுங்கோ.

வலன்ரைன்: நீ சொல்லு.

அகஸ்ரினா: நானோ? விட்டது நீங்கள்.

வலன்ரைன்: நீ தாய். மெதுவாச் சொல்லுவாய்.

அகஸ்ரினா: நீங்கள் தேப்பன். உங்களைத்தான் அவள் ஏசமாட்டாள்.

வலன்ரைன்: அதுதானடி எனக்குப் பயம். ஏசினாலும் பரவாயில்லை.

டிலோஜினி: அம்மா! கேற்றைத் திறவுங்கோ! கழுதை ஒண்டு குறுக்க நிக்குது, விலகுதில்லை!

வலன்ரைன்: பாத்தியோ? கழுதை வந்தது எண்டு சொன்னா நீ நம்பேல்லை.

அகஸ்ரினா: சத்தம் போடாமல் இருங்கோ. வாறன் டிலோ, வாறன்! பையை இஞ்ச தா... மெலிஞ்சுபோனாய் பிள்ளை.

டிலோஜினி: ஒவ்வொரு முறையும் மெலிஞ்சுபோனாய் எண்டுதான் சொல்லுறியள். இப்பிடியெண்டா இவ்வளவுக்கு நான் காத்தில பறந்திருக்கவேணும். என்னப்பா, கதிரையில இருக்கிறியள்? இடுப்பு நோ எப்பிடி?

வலன்ரைன்: கிடக்கு. ஆ... அம்மா... கிடக்கு.

அகஸ்ரினா: இனி ஏன் முனகிறியள்?

வலன்ரைன்: பழக்கத்தில வருது. சாப்பிட்டியோ மகள்?

டிலோஜினி: பூநகரியில பஸ் நிக்கேக்க வடை சாப்பிட்டனான். ஏன் ரெண்டுபேரும் முழியைப் பிரட்டுறியள்? சரி, நான் ஒருக்காப் பின்னால போய்ச் செடியளை...

வலன்ரைன்: போகாதை!

டிலோஜினி: ஏன்?

வலன்ரைன்: ...வெயில்.

டிலோஜினி: இப்ப அஞ்சரை அப்பா.

வலன்ரைன்: இரு. அந்தக் கதிரையை இழுத்து இரு. நான் சொல்லி முடிக்குமட்டும் என்ர முகத்தைப் பாக்காதை. அந்த மாதா படத்தைப் பார்.

டிலோஜினி: பாக்கிறன்.

வலன்ரைன்: நாலாம் வரிசைக்கு நான் தண்ணி விட்டனான். மாசியில இருந்து, ஒவ்வொரு நாளும், உன்ர அம்மாவுக்கும் தெரியாமல். அது தண்ணியில்லாமல் பூக்கேல்லை, மீன் கழுவின தண்ணியில பூத்தது. ஞாயிற்றுக்கிழமை வாளி மாறி உப்புத் தண்ணியை ஊத்தி நாலைக் கருக்கிப்போட்டன். கழுதையில பழி போடப் பாத்தன். அதுவும் பிழை. நாளைக்கு உன்ர சேரிட்ட நானே சொல்லுறன். பிள்ளை ஒழுங்காத்தான் செய்தவள், தேப்பன்தான் குழப்பினவன் எண்டு எழுதிக் கையெழுத்தும் வைச்சுத் தாறன். அதால உன்ர படிப்பு தப்புமெண்டா... அகஸ்ரி, பிள்ளை அழுறாள்.

அகஸ்ரினா: அழேல்லை. தோள் குலுங்கிறதைப் பாருங்கோ. சிரிக்கிறாள்.

வலன்ரைன்: சிரிக்கிறியோ?

டிலோஜினி: முதலாவது பேணி பெப்ரவரி பதினாறாந் திகதி. திங்கட்கிழமை. சரியோ அப்பா?

வலன்ரைன்: உனக்கு... என்னெண்டு...

டிலோஜினி: அம்மா அண்டைக்குச் செபமாலைக்குப் போகேல்லை.

வலன்ரைன்: இல்லையே, கேற்றைச் சாத்தின சத்தம் கேட்டதே!

அகஸ்ரினா: சாத்திப்போட்டு மில்ரன் வீட்டுக் குசினிக்குள்ள போனனான். முதல் ஒரு மாசமும் அங்கதான் நிண்டனான். வேலி இடுக்கால பாத்துக்கொண்டு. நீங்கள் விழுந்தா ஓடிவாறதுக்கு. அந்தப் படியில இருந்து நீங்கள் அழேக்க... ஓடிவந்து தூக்குவமோ எண்டு வேலியைப் பிடிச்சுக்கொண்டு நிண்டனான். பனைமட்டை கையைக் கிழிச்சுப்போட்டுது. இந்தா, இன்னும் தழும்பு கிடக்கு.

வலன்ரைன்: மீன் முள்ளுக் கிழிச்சது எண்டனி.

அகஸ்ரினா: நீங்கள் மட்டுந்தான் நடிக்கலாமோ?

வலன்ரைன்: பொறுங்கோ, பொறுங்கோ. தெரிஞ்சுகொண்டும் விட்டனீங்களோ? அப்ப உன்ர ஆய்வு?

டிலோஜினி: என்ர ஆய்வில தண்ணி விடாத வரிசை இருக்குத்தான். கம்பஸ் பண்ணையில, வேலி அடைச்சு, பூட்டுப் போட்டு. அதில ஆறில அஞ்சு செத்துப்போச்சு. முதல் நாலு மாசம் தண்ணி விட்டாத்தான் ஆவாரை கரையில பிடிக்கும் எண்டு எழுதிக் குடுத்தும் போட்டன். இஞ்ச மூண்டு வரிசை நிக்குது எண்டுதான் சேருக்குத் தெரியும்.

வலன்ரைன்: அப்ப நாலாவது வரிசை?

டிலோஜினி: அது ஆய்விலையே இல்லை அப்பா. அது உங்களுக்கு நட்டது.

வலன்ரைன்: எனக்கோ?

டிலோஜினி: ஐப்பசியில படகு கட்டிற ஜெட்டியில விழுந்தனீங்கள். டொக்டர் நடக்கச் சொன்னவர், அம்மா கெஞ்சினவ, நான் காலைப் பிடிச்சுக் கெஞ்சினனான். நீங்கள் சுவரைப் பாத்துக்கொண்டு படுத்தனீங்கள். என்னோட கதைக்கவும் இல்லை. எனக்குப் பயமாக்கிடந்தது அப்பா. கம்பசுக்குப் போனாலும் படிக்க ஏலேல்லை. சிங்கராசா மாமாதான் சொன்னவர், “உன்ர கொப்பனை நட எண்டு சொல்லாதை பிள்ளை. தண்ணிக்குத் தவிக்கிற ஒண்டைக் கண்ணுக்கு முன்னால வைச்சிட்டு, தண்ணி குடுக்காதை எண்டு சொல்லிப்பார்” எண்டு.

வலன்ரைன்: சிங்கராசாவோ... கள்ளன். ஞாயிற்றுக்கிழமை கேக் கொண்டுவந்து தந்தவன், ஒண்டும் தெரியாதவன் மாதிரி.

அகஸ்ரினா: வேலிக்குள்ளால ரெண்டுதரம் பாத்துப்போட்டுத்தான் போனவர்.

டிலோஜினி: கோவமோ அப்பா?

வலன்ரைன்: கோவம்தான்! என்னை ஏமாத்தினது கிடக்கட்டும். அந்தச் செடியள் என்ன பாவம் செய்தது? நாலு நாள் பச்சைத் தண்ணி இல்லாமல்...

அகஸ்ரினா: ஆர் சொன்னது? நீங்கள் மத்தியானம் நித்திரையாக் கிடக்கேக்க ஒவ்வொரு பேணி நான் விட்டனான். சாகாமலிருக்க மட்டும்.

வலன்ரைன்: ...நீயும் விட்டியோ?

அகஸ்ரினா: எனக்கு மட்டும் மனம் கல்லோ?

டிலோஜினி: அம்மா! அதை என்னட்டையும் சொல்லேல்லையே நீங்கள்!

வலன்ரைன்: இந்த வீட்டில ஒருத்தரையும் நம்பேலாது. சரி, அந்த நாலும் தப்புமோ பிள்ளை? அதைச் சொல்லு முதல்.

டிலோஜினி: எவ்வளவு உப்புத் தண்ணி?

வலன்ரைன்: முக்கால் வாளி, நாலு செடிக்கு. மற்ற ரெண்டுக்கும் போதாமல் போச்சு, அந்தோனியார் புண்ணியத்தில.

டிலோஜினி: மூண்டு நாள்தானே. கொப்பைக் கீறிப் பாப்பம். உள்ள பச்சையெண்டா வேர் உயிரோட இருக்கு. மணல் நிலம்தானே, ஒவ்வொண்டுக்கும் நாலைஞ்சு வாளி பைப்புத் தண்ணி விட்டா உப்புக் கீழ இறங்கிப்போம். ஆனா இண்டைக்கே செய்யவேணும்.

வலன்ரைன்: அப்ப ஏன் இன்னும் குந்தியிருக்கிறியள்? இருட்டப்போகுது, எழும்புங்கோ! டிலோ, பைப்பைத் திற. அகஸ்ரி, நீல வாளியைத் தொடாதை, பச்சையை எடு. நான் முன்னால போறன்... எங்க என்ர பொல்லு? கட்டிலடியிலதானே வைச்சனான்... கதவு மூலையிலும் இல்லை. அகஸ்ரி, என்ர பொல்லைக் கண்டியோ?

அகஸ்ரினா: அதை எடுத்து உடுப்புக்கொடிக்கு முண்டு குடுத்து மூண்டு கிழமையாச்சு. ஒவ்வொரு நாளும் வாளியோட அதுக்குக் கீழால குனிஞ்சு போறனீங்கள்... இண்டைக்குத்தான் தேடுறியள்.